இரண்டு பாக்கெட் மாவு இருபத்தொன்றான கதை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இட்லி மாவு விற்கிறேன். ஆர்டர் வாங்க என் மகன் ஒரு வலைப்பக்கம் செய்து தந்தான். திறந்ததும் ஒரு பெட்டி எழும்பி 'எத்தனை பாக்கெட்?' என்று கேட்கும். தொகை 0 ரூபாய் என்று அவ்வப்போது ஆர்டர் வரும், பொருட்படுத்தவில்லை. ஆயுதபூஜைக்கு ஒரு பாக்கெட் இலவசம் என்றோம். இரண்டு கேட்டவருக்கு 21 என்று பதிவாகியிருக்கிறது. எங்கே தவறு?

பதில்: மகனைக் கோபிக்காதீர்கள். வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. அந்தப் பெட்டியை எழுப்பும் 'பிராம்ப்ட்' கட்டளை, வாடிக்கையாளர் தட்டியதை எண்ணாகத் தராது, எழுத்தாகவே தரும். கூட்டல் குறிக்கு இந்த மொழியில் இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், எழுத்துகளைப் பூத்தொடுப்பதுபோல ஒட்டும். எழுத்தான 2-உடன் இலவச பாக்கெட்டின் 1-ஐ ஒட்டினால் 21. பெருக்கல் குறிக்கு ஒட்டத் தெரியாது. எழுத்தையும் எண்ணாக்கியே பெருக்கும். ஆகவேதான் இத்தனை நாள் விலை சரியாக வந்தது, பிழையும் மறைந்திருந்தது.

'நம்பர்' என்ற கட்டளையால் முதலில் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். ஆனால் ரத்து பொத்தானை அழுத்தினால் வருவது 'நல்', அதாவது ஒன்றுமில்லை. எதுவும் தட்டாமல் சரி என்றால் வெற்று எழுத்து. இரண்டையும் 'நம்பர்' 0 ஆக்கிவிடும், பெருக்கல் குறியும் அப்படியே. உங்கள் 0 ரூபாய் ஆர்டர்கள் அப்படி வந்தவையே. 'நல்' என்றால் பதிவு செய்யாமல் விடவேண்டும். 1-க்குக் குறைந்ததையும் முழு எண் அல்லாததையும் ஏற்கக்கூடாது.

என்னைக் கேட்டால், அந்தப் பெட்டியே வேண்டாம். பதில் சொல்லும்வரை பக்கம் உறைந்து நிற்கும். மாவின் விலையைக்கூடப் பார்க்காதவரிடம் எண்ணிக்கை கேட்டால் அவர் ரத்துதான் செய்வார். 'சரியான எண் வரும்வரை திரும்பக் கேள்' என்று எழுதுவது இன்னும் மோசம்: பெட்டி அடிக்கடி எழும்பினால் உலாவியே அதைத் தடுக்க வழி கொடுக்கும். தடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் 'நல்' வர, பக்கம் முடிவில்லாமல் சுற்றும்.

'ஆர்டர் செய்ய' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் 'டயலாக்' உறுப்பு, அதாவது பக்கத்தின் பகுதியாகவே அமையும் ஒரு பெட்டி, திறக்கட்டும். 2022 மார்ச் முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது. உள்ளே எண் வகை உள்ளீட்டுக் கட்டம் வைத்தால் கைபேசியில் எண் விசைகளே எழும்பும். ஆனால் கட்டத்தில் தட்டியதைத் தரும் 'வேல்யூ'வும் எழுத்துதான். எண்ணாகவே வேண்டுமென்றால் 'வேல்யூஆஸ்நம்பர்' என்று கேட்டு வாங்கவேண்டும்.

சலுகை நாளின் பட்டியலைத் திருத்த, கடைசி 1-ஐ எடுத்துவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள்: 51 என்றால் ஆறு பாக்கெட். வெறும் 1 என்று இருப்பவை எண்ணிக்கை சொல்லாமல் போனவர்களுடையவை. அவர்களுக்கு மாவு அனுப்பவேண்டாம்.