ஆறு மாதம் நிற்கும் கார்: அலாரத்தை என்ன செய்வது?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்கா போகிறோம். ஐந்து வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும். அலாரம் வெளியே ஆக்சஸரீஸ் கடையில் மாட்டியது. போன வருடம் ஒரு மாதம் ஊரில் இல்லாதபோது நடுராத்திரியில் அது அலறி, அக்கம்பக்கத்தில் ஏக ரகளை. வந்து பார்த்தால் பேட்டரி காலி. பேட்டரி வயரைக் கழற்றினால் திருட்டு பயம். வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் சார். கார் பூட்டிக் கிடந்தாலும் கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் சேர்ந்து சுமார் 50 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர், பேட்டரியில் இருக்கும் சார்ஜின் அளவு). சின்ன கார்களில் இருக்கும் 35 ஏ.ஹெச். பேட்டரி ஒரு மாதத்தில் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். வாட்ச்மேன் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால், ஒரு வாரத்தில் போன 8 ஏ.ஹெச். திரும்பி ஏறாது. பேஸ்மென்ட்டில் புகைதான் மிச்சம்.

அலறலுக்குக் காரணமும் பெரும்பாலும் இதேதான். வோல்டேஜ் மிகவும் இறங்கினால், யாரோ வயரை நோண்டுகிறார்கள் என்று சில அலாரங்கள் நினைத்துக்கொள்ளும். கார் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்து நீங்கள் விட்டுப்போன கருவி, பேட்டரியையும் தின்று ஊரையும் கூட்டியிருக்கிறது.

அதனால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ்தான்; அதற்கு முன் பாசிட்டிவைக் கழற்றப் போனால், ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கழற்றிய முனையைத் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். சைரனுக்குள் தனியாகக் குட்டி பேட்டரி இருந்தால், வயரைக் கழற்றியதுமே அது கத்தும்; அதன் சாவித்துவாரத்தில் முதலில் ஆஃப் செய்துவிடுங்கள்.

திருட்டு பயமா? கம்பெனி பொருத்திய இம்மொபிலைசர் இருந்தால், சாவியில் உள்ள சிப்பை அடையாளம் காணாமல் எஞ்சின் ஓடாது. அது சத்தம் போடாது, ஆனால் வேலை செய்யும். கூடவே ஒரு ஸ்டியரிங் லாக் வாங்கிப் போடுங்கள். என்னைக் கேட்டால், ஆளில்லாத பேஸ்மென்ட்டில் அலாரத்தைவிட அதுதான் மேல்.

ஒன்று மறக்காதீர்கள்: கரண்ட் இல்லாவிட்டால் ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவியால்தான் திறக்க வேண்டும். புஷ் ஸ்டார்ட் காரென்றால் சாவி ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கிளம்பும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். டிக்கி பட்டனில் திறப்பது என்றால், அதற்குள் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கழற்றிய பேட்டரியும் சென்னை வெயிலில் தானாக இறங்கும். நடுவில் ஒருமுறை தம்பியோ மருமகனோ கடையில் கொடுத்து ஃபுல் சார்ஜ் போட்டு வாங்கட்டும், 12.6 வோல்ட் காட்டினால் நன்று. பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கச் சொல்வார்கள். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருப்பவர்களுக்கு அது நல்ல முதலீடு, உங்களுக்கு இல்லை. திரும்பி வந்து வயரை மாட்டும்போது அலாரம் கத்தலாம். ரிமோட் கையில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள். நடுவில் முடிந்து 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

கேள்வி: நிற்கவிட்டுச் செத்த பேட்டரிக்கு வாரண்டி உண்டா?

பதில்: தயாரிப்புக் கோளாறு என்றால்தான் உண்டு. வெறுமனே இறங்கிப்போயிருந்தால் சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவார்கள். சும்மா விடாதீர்கள்: சார்ஜ் போட்ட பிறகு லோடு டெஸ்ட் (பேட்டரியிலிருந்து அதிக கரண்ட் இழுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து, ரிசல்ட்டை எழுதி வாங்குங்கள். டெஸ்ட்டில் தோற்றும் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், அந்தச் சீட்டும் பில்லும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம்.