கூத்தில் எமன் வேண்டாம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் கிராமம் ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறேன். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்குத் தோல்பாவைக்கூத்து வைத்து எச்.ஐ.வி. பற்றி ஊருக்குச் சொல்ல ஆசை. கெட்ட வழியில் போன புருஷனுக்கு நோய் வந்து, கடைசியில் எமன் இழுத்துப்போவதாகக் கதை வைத்தால்தான் இளவட்டங்கள் பயப்படும் என்கிறார்கள் பெரியவர்கள். எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் இந்தத் தொற்று இருக்கிறது. அவர்களும் கூத்துப் பார்க்க வருவார்கள். என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எமனை விட்டுவிடுங்கள். பெரியவர்கள் கேட்கும் கதை பழைய காலத்துக் கதை. 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அப்போது கையில் மருந்து இல்லை. இன்று அப்படியா? 2004இலிருந்து அரசு மருத்துவமனைகளில் கிருமியை அடக்கும் கூட்டு மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிடுகிறவர் நெடுநாள் வாழ்கிறார், வேலைக்குப் போகிறார். ரத்தப் பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதும் இல்லை. எமன் வந்து முடிகிற கூத்தைப் பார்த்தவர், தனக்கே சந்தேகம் இருந்தாலும் பரிசோதனைக்குப் போகமாட்டார். போனால் சாவுச் செய்திதான் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்.

‘கெட்ட வழி’யும் வேண்டாம். புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தொற்று வந்திருக்கிறது. அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாவையைத் தேர்ந்தெடுத்தது ரொம்பச் சரி. நாடகத்தில் நோயாளியாக நடித்த பையனை மறுநாள் ஊரே அந்தப் பெயரில் கூப்பிடும். ஆட்டுத்தோல் பாவைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1980களின் கடைசியில் எய்ட்ஸ் பற்றித் தெருவில் பாவைக்கூத்து போட்டவர்கள், பாவைகளுக்குச் சாம்பல் நிற முகம் வைத்தார்கள். கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைத்திருந்த நாட்டில், இது அவர்களுடைய நோய் என்று யாரும் கைகாட்டிவிடக் கூடாதே! உங்கள் பாவையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் பேர், தொழில், தெரு எதுவுமே நீங்கள் சொன்ன வீட்டை நினைவுபடுத்தக் கூடாது.

அப்புறம், உங்களிடம் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். வேறு யாருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை! ஊரில் வாய்விட்டுக் கேட்க முடியாததை அவர்கள் கேட்டால் ஆச்சிமார்கூடச் சிரிப்பார்கள். கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா, ஆணுறை எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் அவர்கள் வாயில் போடுங்கள். பதில் டாக்டர் பாவையிடமிருந்து வர வேண்டாம், பிரசங்கமாகிவிடும். தொற்றோடு வாழும் ஒரு கர்ப்பிணிப் பாவை பதில் சொல்லட்டும். கொசுவாலும் தட்டாலும் வராது, பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பிறருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளை, இவைதான் வழி என்று அவளே சொல்லட்டும். சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்றக்கூடும், சரியான சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே இறங்கிவிடும். அவள் பிள்ளை தொற்றில்லாமல் பிறக்கிற இடத்தில் கூத்து முடியட்டும்.

எழுதிய வசனத்தைக் கூத்துக்காரர் கையில் திணிக்காதீர்கள். ஒரே ஆள் அத்தனை பாவைக்கும் குரல் மாற்றிப் பேசி, பாட்டும் பாடி ஆட்டுகிற கலை அது. விஷயத்தை உட்கார்ந்து பேசுங்கள், அவர் தன் போக்கில் கோத்துக்கொள்வார். ராமாயணத்தில் ஒரு பகுதியை ஆடிவிட்டு இதற்கு வருகிறேன் என்றால் சம்மதியுங்கள். விழிப்புணர்வு என்று சொல்லிக் கூலியைக் குறைக்காதீர்கள்.

முடிந்தால் இரண்டு இரவு வையுங்கள். முதல் நாள் பெயரில்லாத சீட்டில் கேள்வி வாங்கி, மறுநாள் கோமாளிகள் பதில் சொல்லட்டும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் திரைக்குப் பின்னால் பக்கத்தில் இருந்தால் தவறான தகவல் போகாது. பந்தலிலேயே ரத்தம் எடுக்க ஏற்பாடு வேண்டாம், யார் போகிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும், 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம் என்பதை இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள்.

அந்த வீட்டு விஷயத்தில் ஒன்று. அவர்களே உங்களிடம் சொன்னார்களா, ஊர்ப்பேச்சில் காதில் விழுந்ததா? ஊர்ப்பேச்சு என்றால் குழுவில்கூட அதைப் பேசாதீர்கள். ஒருவருடைய தொற்றை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. அவர்களே சொல்லியிருந்தால், கதையை முன்கூட்டியே தனியாகச் சொல்லிக் காட்டுங்கள். ஏதாவது வரி உறுத்துகிறது என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.