எலியாடேயின் பத்திரிகைப் பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்க எழுத்தாளர் மைத்ரேயி தேவி, தன்னை வைத்து ருமேனிய எழுத்தாளர் மிர்சா எலியாடே எழுதிய நாவலுக்குப் பதிலாக எழுதிய 'ந ஹன்யதே' படித்துவிட்டு எலியாடேயைத் தேடிப் பிடித்து வாசித்தேன். ருமேனிய ஃபாசிச அமைப்பை ஆதரித்து எழுதியவர் என்று அறிந்ததும் மனம் கசந்துவிட்டது. கல்கத்தாவில் மைத்ரேயியின் தந்தை, தத்துவ அறிஞர் தாஸ்குப்தாவிடம் படித்தவர், யோகத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அங்கே எப்படிப் போனார்? இளமையின் சறுக்கல் என்று விட்டுவிடலாமா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

1937இல் அவருக்கு வயது முப்பது. நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர், புகாரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், பத்தாண்டுகளாகப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர். இதில் இளமை எங்கே வருகிறது?

'யோகம் தெரிந்தும் போனாரே' என்கிறீர்கள். அந்த வழியாகத்தான் போனார் என்பேன். கட்சி அரசியல் அவருக்கு அற்பமாகத் தெரிந்தது. 1934இல்கூட வலது, இடது இரண்டையும் மறுத்தே எழுதினார். நீங்கள் சொல்லும் அந்த ஃபாசிச அமைப்பு, கொட்ரியானு தலைமையிலான லெஜியனோ தவம், பலி, உயிர்த்தெழுதல் என்று பேசியது. 1937 ஜனவரியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவுக்காகப் போரிட்டு லெஜியனின் தலைவர்கள் இருவர் செத்தபோது எலியாடே அதைக் கிறிஸ்தவத் தியாகமாகவே எழுதினார். அதே லெஜியனைச் சேர்ந்தவர்கள் 1933 டிசம்பரில் ருமேனியப் பிரதமரைச் சுட்டுக் கொன்றிருந்ததை இந்த ஆன்மிக மொழி மறைத்துவிட்டது.

அவருடைய நண்பர் மிஹாயில் செபாஸ்டியன் யூதர், அவரும் நாவலாசிரியர். 1934இல் செபாஸ்டியனின் நாவலுக்கு, இருவருக்கும் ஆசானாக இருந்த நயே இயோனெஸ்குவே யூத வெறுப்பு மிகுந்த முன்னுரை எழுதினார். அப்போது எலியாடே ஆசானை மறுத்தார். யூதருக்கு மீட்பு கிடையாதென்று சொல்வது கடவுளின் சுதந்திரத்துக்கே எல்லை வகுப்பது என்றார். ஆனால் பாருங்கள், வாதம் முழுக்க இறையியல்தான், குடியுரிமை பற்றியதல்ல. அதனால்தான் அதைக் கைவிடுவது எளிதாயிற்று. 1937 செப்டம்பரில் 'வ்ரெமியா' இதழில் அவர் எழுதிய 'குருட்டு மாலுமிகள்', நாட்டுக்குள் அந்நியரும் யூதரும் பெருகுவதைக் கண்டுகொள்ளாத ஆட்சியாளர்கள் என்று சாடுகிறது.

அதே ஆண்டு டிசம்பரில், தேர்தலுக்குச் சற்று முன், லெஜியனின் வெற்றியில் தனக்கு நம்பிக்கை ஏன் என்று அவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தான் எழுதவில்லை என்று பின்னாளில் மறுத்தார். அதை விட்டுவிட்டாலும் 'வ்ரெமியா' கட்டுரைகளே போதும். 1938இல் கைதானபோது லெஜியனோடு தொடர்பில்லை என்று கையெழுத்திடச் சொன்னார்கள்; மறுத்து தடுப்பு முகாமுக்குப் போனார்.

நாவல்களைப் படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். கூடவே செபாஸ்டியனின் நாட்குறிப்பையும் படியுங்கள். நண்பன் தன் கண்முன்னே மாறிப்போவதை அவர் பதிவுசெய்திருக்கிறார். அது நூலாக வந்தது 1996இல், எலியாடே இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு.