தறிச் சத்தத்துக்கு நடுவே நேரலை

கேள்வி: சோமனூரில் விசைத்தறிகளுக்கு நடுவே எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையைச் செல்போனில் யூடியூப் நேரலை விட்டால், பிரசங்கத்தைவிடத் தறிச் சத்தம்தான் கேட்கிறதுங்க. நல்ல கேமரா வாங்கலாமா?

பதில்: கேமரா வேண்டாமுங்க. படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு முகத்தைவிட வசனம் தெளிவாகக் கேட்பதே முக்கியம். தூரத்தில் வைத்த போனின் மைக் அக்கம்பக்க இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொள்ளும். மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (தனி ஒலி வெளியீடு), ஒலியைப் போனுக்கு ஏற்றபடி மாற்றும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு கருவி வழியாகப் போனுக்கு ஒலி கொடுங்கள். நேராகப் போனின் மைக் துளையில் செருகினால் சிக்னல் மிஞ்சிக் கரகரக்கும். ஆக்ஸ் ப்ரீ-ஃபேடராக (ஃபேடர் என்னும் ஒலியளவுத் தள்ளுகோலுக்கு முன்பே ஒலியை எடுப்பதாக) இருந்தால், உள்ளே ஃபேடரால் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலும் நேரலை மாறாது. சபையார் பாடுவதற்குத் தனியாக ஒரு மைக், குறைந்த அளவில். படத் தரம் 720பி தாராளம்; இணையத்தின் அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ்ஸுக்குக் (நொடிக்கு 5 மெகாபிட்) குறையக் கூடாது. ஜெப விண்ணப்பம் வாசிக்கும்போது ஒலியை அடைத்துவிடுங்கள்: ஒருவரின் நோயும் கடனும் ஊருக்கே போக வேண்டாம். சில செயலிகள் யூ.எஸ்.பி. ஒலியை எடுக்காது, சனிக்கிழமையே பிறர் பார்க்க முடியாத பிரைவேட் நேரலையில் ஓட்டிப் பாருங்கள்.