சம்பந்தி வருகிறார், பாட்டிலை எடு!

கேள்வி: காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சின்ன ஒயின் கடை. ஒருத்தரே வைத்து நடத்துகிறார். சிரித்த முகத்தோடு பொறுமையாக விளக்கி, 700 ரூபாய்க்குள் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு சேலத்திலிருந்து சம்பந்தி வருகிறார். அவர் முன்னால் இந்த விலை ஒயினை வைக்கலாமா, இல்லை வெளிநாட்டுப் பாட்டிலாக வாங்கிவிடவா?
(ஒரு வாசகர், ஃப்ரேசர் டவுன், பெங்களூரு)

பதில்: கடை, ஒயின், விலை எல்லாம் இருக்கட்டும். சம்பந்தி என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஊரே வந்தாலும் லுங்கியோடு உட்கார்ந்து பேசுகிற ஆள், சம்பந்தி வருகிறார் என்றால் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற குடும்பம், மற்ற நாளெல்லாம் பீங்கான் கோப்பையில் காபி குடிக்கிற குடும்பம், அன்றைக்குப் பரணில் ஏறி டவரா செட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிறது. வருகிறவரும் லேசுப்பட்டவரா? கல்யாணத்தன்று மூன்றாம் பந்தியில் ஜாங்கிரி தீர்ந்துபோனதை இன்னும் மறக்காதவர். ஒயினைக் காட்டினால், "நமக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார். இரண்டாம் முறையும் அதையே சொல்வார், ஆனால் உட்கார்ந்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வார். மூன்றாம் முறை, இதயத்துக்கு நல்லது என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னதாக ஆரம்பிப்பார் (எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார், இருந்தாலும் அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள்). உள்ளே சம்பந்தியம்மா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது திராட்சை ஜூஸ்தானே?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் பேரனுக்கும் ஒரு டம்ளர் கேட்பார்.

விலையை மறைக்க நினைக்கிறீர்களா? நடக்காது. நம் ஊர் பாட்டிலில் எம்.ஆர்.பி. அச்சடித்தே வருகிறது. நீங்கள் ஐஸ் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாட்டிலைத் திருப்பி, அந்தப் பொடி எழுத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்துவிடுவார். (ஒயினுக்கு எதற்கு ஐஸ் என்று கேட்டால் அது வேறு சண்டை.)

சரி, வெளிநாட்டுப் பாட்டில். ஒயினுக்கு நம் சுங்க வரி வெகுகாலமாக 150 சதவீதம். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள், அதுவும் 5 டாலருக்கு மேலே இறக்குமதி விலை உள்ள பாட்டிலுக்கு மட்டும். அதற்குக் கீழே உள்ளதற்கு ஒரு பைசா சலுகை கிடையாது. ஆக, அந்த ஊரில் கீழ்த்தட்டில் கிடக்கிற சரக்கு, வரியும் லாபமும் ஏறி இங்கே வரும்போது மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும். சம்பந்திக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு நீங்கள் சுங்க இலாகாவுக்கு மரியாதை செய்கிறீர்கள். அந்தக் காசுக்கு நாசிக்கிலோ நந்தி மலை அடிவாரத்திலோ செய்த நல்ல பாட்டிலே இரண்டு வாங்கலாம்.

அப்புறம் உங்கள் கடைக்காரர். ஒயினைப் பற்றி ஆரம்பிப்பதற்கு முன்னால் "வீட்டில் என்ன சமையல்?" என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அவரை விடாதீர்கள். நான் போகிற கடையின் முதலாளி அப்படித்தான் கேட்பார். மட்டன் சுக்கா என்றால் கரகரப்பான சிவப்பு ஒயினை அவரே திருப்பி வைத்துவிட்டு, லேசாக இனிப்பு தட்டுகிற செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினைக் குளிரவைத்து வைக்கச் சொல்வார். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் மிளகாய்க் காரமும் சேர்ந்தால் நாக்கு எரியும், அவ்வளவுதான் விஷயம். ஜன்னல் ஓரம் வெயில் படுகிற பாட்டிலை விட்டுவிட்டு உள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கார்க்குக்குக் கீழே ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் தருவார். இந்தப் பேச்சுக்கு அவர் காசு வாங்குவதில்லை. ஓசூரைத் தாண்டிவிட்டால் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில். கம்பி வலைக்குள் கையை விட்டு, பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்க, "மீன் குழம்புக்கு எது சரியா வரும்?" என்று உங்கள் சம்பந்தி சேலத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

சிவப்புதான் வேண்டுமென்றால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதைச் சொன்னதற்காக எம்.ஜி. ரோட்டில் ஒரு ஓட்டலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தான் தரவேண்டுமாம். ஐயா, அந்த அறை ஐரோப்பாவில் இருந்தது, 16 முதல் 18 டிகிரி. ஏப்ரல் மாதத்து பெங்களூரில் 34 டிகிரி. அந்தப் பரிசாரகரும் நானும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

இந்தப் பதில் அச்சேறியதும் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். பெரியவர் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தின் பத்துக் குறளையும் வரிசையாக எழுதி அனுப்புவார். அனுப்பட்டும். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணக்கும் தேறலைப் பாண்டியனுக்குப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கச் சொல்கிற புறநானூற்று 56-ஆம் பாட்டை நானும் வழக்கம்போல் பதிலுக்கு அனுப்புவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991-லிருந்து பதினெட்டு வருஷம் மூடியே வைத்திருந்தார்களே, 2009 ஆகஸ்டில்தானே திறந்தார்கள், அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி இந்தப் பெரியவர் ஒரு அஞ்சலட்டை போட்டாரா? இல்லை. நான் 'ஒயின்' என்று எழுதினால் மட்டும் வள்ளுவர் ஞாபகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை 700 ரூபாய் பாட்டிலையே வையுங்கள், விலை தெரிகிற பக்கம் அவரைப் பார்த்து இருக்கட்டும், திருப்பிப் பார்க்கிற சிரமம் மிச்சம். மீதி இருந்தால் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். மீதி இருக்காது. சேலம் பஸ் ராத்திரி பத்தரைக்குத்தான்.