கம்பெனி டாக்டரால் ஊழியர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் தன் அறையிலேயே உட்கார்ந்து காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் முடியாது. கோவைப் பக்கம் சில ஆலைகளுக்கு மருத்துவராகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் குட்ரிச் நிறுவனத்துக்கு ஒரு பி.வி.சி. ஆலை இருந்தது. அங்கே மருத்துவராக இருந்தவர் ஜான் கிரீச். ஆஞ்சியோசார்கோமா என்ற கல்லீரல் புற்றுநோய் மிக மிக அரிது. பல டாக்டர்கள் ஆயுசுக்கும் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது அந்த ஒரே ஆலையின் தொழிலாளர்கள் மூவருக்கு வந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. 1974 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தது. காரணம், பி.வி.சி. தயாரிக்கப் பயன்படும் வினைல் குளோரைடு வாயு. வேலையிடக் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு, அடுத்த ஆண்டே 1 பங்காகக் குறைக்கப்பட்டது. எவ்வளவு பெரிய ஸ்பெஷலிஸ்டாக இருந்தாலும், தன்னிடம் வரும் ஒரு நோயாளியைத்தான் பார்ப்பார். யார் யார் எந்த மெஷினில் நிற்கிறார்கள் என்று தெரிந்த ஆலை டாக்டரால்தான் மூன்று பேரையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது.

நம்மூர் குரோம் பிளேட்டிங் பட்டறைக்கு வாருங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். சிலருக்கு நடுத்தண்டு புண்ணாகி இருக்கும், சிலருக்கு ஓட்டையே விழுந்திருக்கும். கேட்டால், "அப்பப்ப ரத்தம் வருமுங்க டாக்டர், உடம்பு சூடுங்க" என்பார்கள். சூடு இல்லை. தொட்டியிலிருந்து எழும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியப் புகைமூட்டம். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியான பொருள் அது. மூக்கு இப்படியானால் நுரையீரலுக்குள்ளும் அது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புவது வைத்தியமே இல்லை. தொட்டி விளிம்பில் எக்ஸாஸ்ட் வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத வேண்டும், வைக்கும்வரை விடக்கூடாது. மாஸ்க் மட்டும் போதாது; அந்த வெக்கையில் ஷிப்ட் முழுக்க யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

வருடாந்திர செக்கப்பில் சி.இ.ஏ., சி.ஏ. 125 என்று புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைகளைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அவை வீண் பயத்தையோ பொய்யான நிம்மதியையோதான் தரும். அதற்குப் பதில் ஹான்ஸ் புகையிலை வைப்பவரின் உதட்டை மடக்கி, பின்னால் வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் அதிகம் உள்ள ஆலையென்றால், முப்பது வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகள் அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு முறை பார்த்த பரிசோதனையே அந்தப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனக்குப் பெரிய கவலை ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். ஆபத்தான வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், நோயோ இருபது முப்பது வருடம் கழித்து வரும். அப்போது எங்கே, எதைச் சுவாசித்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. புற்றுநோயை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்யும் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது இதனால்தான்.

நீங்கள் எந்த ஆலையில் இருந்தாலும், வேலையை விடும்போது மெடிக்கல் ரிப்போர்ட்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில், எந்த ரசாயனத்தோடு, எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதி வையுங்கள்.