ஆராதனைக்கு வரும் வெளியூர்க்காரர்கள்

கேள்வி: சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் சிகிச்சைக்காக வேலூர் வரும் வெளிமாநிலத்தவர்கள் எங்கள் சபைக்கும் வருகிறார்கள். எப்படி வரவேற்பது?

பதில்: முதலில், “புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று மைக்கில் சொல்வதை நிறுத்துங்கள். ராத்திரியெல்லாம் வார்டில் கண்விழித்துவிட்டு வந்தவருக்கு அது பெரிய சங்கடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுக்கட்டும். தமிழ் தெரியாதவர் என்றால் அன்றைய வேதபாடத்தை வங்காளத்திலோ இந்தியிலோ போனில் காட்டலாம். அப்புறம், என்ன வியாதி, என்ன சாதி என்று துருவவே கூடாது. மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடி (காலடியில் இடம்) என்று பார்ப்பதை வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது, நம் முன்வரிசை நாற்காலிகளுக்கும் அது பொருந்தும். ஆராதனை முடிந்ததும் சாப்பிட்டாரா, ரத்தம் தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். வாலிபர்களின் ரத்த வகையை எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே ஆள் அனுப்பலாம்.